பளபளத்த புல்லி

பதினோரு மணிக்கு மாதா கோயிலில் இறுதிப் பூசை. ஒன்பதரை ஆகியும் செத்துப்போன மெலிட்டோனின் கார் வாசலை விட்டு நகரவில்லை. எஸ்பன்யோலா ஊரில் ஒரு பழைய கார் கிளப்காரன் செத்தால், சவ ஊர்வலத்துக்கு முன்னால் அவன் கார்தான் போக வேண்டும். அதை ரத்த உறவுதான் ஓட்ட வேண்டும். மெலிட்டோனுக்குப் பிள்ளை இல்லை. இருக்கிற ஒரே தம்பி ஒனோஃப்ரேக்கு வலது தோள் பாதிதான் வேலை செய்யும். அறுபத்து நான்காம் வருடத்து அந்தக் காரோ, நடைவேகத்தில் போனால் ஸ்டீயரிங் திரும்பவே மாட்டேன் என்றது.

"நான் ஓட்டட்டுமா?" என்றார் கிளப் தலைவர் ஃபிடென்சியோ.

"எங்க அண்ணனை நான்தான் கொண்டுபோவேன். நீங்க பேசாம உள்ள உக்காந்து ஸ்டீயரிங்கைத் திருப்புங்க."

ஒனோஃப்ரே ஏற்கெனவே எல்லாம் பார்த்தாயிற்று. எண்ணெய் அளவாக இருந்தது, நுரை இல்லை. குழாய்களில் கசிவில்லை. முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கித் திருப்பினால் சக்கரம் தடையில்லாமல் திரும்பியது. ஸ்டீயரிங்கை லேசாக்கும் பம்பிலிருந்து வர வேண்டிய பலம்தான் வரவில்லை.

ஃபிடென்சியோ எஞ்சினைப் போட்டுத் திருப்பினார். பானெட்டுக்குள் குனிந்திருந்த ஒனோஃப்ரே கண்டுகொண்டான். பெல்ட் ஓடுகிறது, அது சுற்றவேண்டிய பம்பின் சக்கரம், அந்தப் புல்லி, நின்றுவிடுகிறது. பெல்ட்டை இறுக்கினான், அப்படியும் வழுக்கியது. புல்லியின் பள்ளம் முகம் பார்க்கலாம் போல மின்னியது. குரோம் பூச்சு. அதில் பெல்ட் எங்கே பிடிக்கும்?

ஒனோஃப்ரே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு வருடம் முன்னால், அண்ணன் பிறந்தநாளுக்கென்று அந்தப் புல்லிக்குக் குரோம் பூசிக்கொண்டுவந்து மாட்டியவனே அவன்தான். வெளியே மட்டும் பூசியிருக்கக் கூடாதா? பள்ளத்துக்குள்ளும் பூசு என்று கூடவே நின்று பூசவைத்தான், மகா புத்திசாலி.

அதற்கப்புறம்தான் மெலிட்டோன், "கை போச்சுடா" என்று ஓட்டுவதை விட்டார். ஞாயிறுதோறும் கிளப் கார்கள் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிற கோயில் மைதானத்துக்குத் தன் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த ஊரில் அதைவிடக் கேவலம் கிடையாது. "ஓட்டாத காருக்கு ஸ்டீயரிங் எதுக்கு அண்ணே, கழட்டி வித்துடவா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவனும் இதே ஒனோஃப்ரேதான். அவர் சிரித்துக்கொண்டார்.

அண்ணி யூஃபெலியா கறுப்பு உடையில் காப்பி கொண்டுவந்தாள். புல்லியையும் அவன் முகத்தையும் பார்த்தாள்.

"பாத்துட்டியா தம்பி? அவருக்கு ஒரே வாரத்துல தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே கழட்டிப் போடறதுக்கென்ன அண்ணி?"

"எத்தனை தடவை சொன்னேன்! 'பானெட்டைத் திறந்ததும் அவன் முதல்ல அதைத்தான் பாப்பான். இல்லேன்னா மூஞ்சி வாடிப்போகும், விடு'ன்னுட்டார்."

"நீங்களாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சத்தியம் வாங்கிட்டாரே, நான் என்ன பண்ண?"

ஒனோஃப்ரே எழுந்தான். பெல்ட்டைக் கழற்றினான். முரட்டு உப்புத்தாளைப் பள்ளத்துக்குள் கொடுத்துத் தேய்த்தான். மினுக்கு போய்ச் சொரசொரப்பாகும்வரை, தோள் வலிக்க வலிக்கத் தேய்த்தான். பெல்ட் மறுபடி பிடித்துக்கொண்டது.

பூசை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. கல்லறைத் தோட்டத்து வாசலில் குறுகலான வளைவு. நடைவேகத்தில் திருப்பினான். அவனுடைய கெட்ட கைக்கே ஸ்டீயரிங் வளைந்து கொடுத்தது. இந்த இரண்டு வருடமும் அண்ணன் இப்படி ஓட்டியிருக்கலாம். அது அத்தனை லேசாக இருந்ததைத்தான் ஒனோஃப்ரேயால் தாங்க முடியவில்லை. வளைவிலேயே காரை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்து அழுதான். பின்னால் சவவண்டியும் முப்பது கார்களும் நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.