நான்காவது பிரசங்கம்

கிள்ளானில் எங்கள் சபையின் பிரசங்கப் பதிவேடு, பீடத்துக்குப் பின்னாலுள்ள சிற்றறையில், பச்சை அலமாரியில் இருக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிரசங்கித்தவர் அதில் தம் பெயரையும் வேதபகுதியையும் எழுதிக் கையெழுத்திடுவார். பக்கத்தில் சபைச் செயலர் கையெழுத்திடுவார். அந்த இரண்டாவது கையெழுத்து விழாத பிரசங்கம், பிரசங்கமாகக் கொள்ளப்படாது.

எனக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்தோராண்டுகள் ஞாயிறு பள்ளி நடத்தினேன். அதன்பின் பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமைதோறும் நடந்த ஈராண்டுப் பிரசங்கியார் பயிற்சிக்குப் போய்வந்தேன். தேர்வெழுதிய பதினொருவரில் நானே முதலாவது. பிரசங்கியார் உரிமம் பெற ஒரே நிபந்தனை மீதமிருந்தது. டிசம்பர் முடிவதற்குள் நான்கு பிரசங்கங்கள் பதிவாக வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் சொந்தச் சபையில் நிகழ வேண்டும். தவறினால் பயிற்சியை மீண்டும் தொடக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். மூன்றைக் காப்பார் கிளைச் சபையில் முடித்துவிட்டேன். அங்கே பிரசங்கபீடமே இல்லை. ஆகவே ஒரு பெண் எங்கே நிற்பது என்ற கேள்வியும் எழவில்லை.

எங்கள் போதகருக்கு மூன்று சபைகள். அவர் வராத ஞாயிறுகளில் யார் பேசுவது என்று பட்டியலிடுபவர் செயலர் சுகுமாறன், ஞாயிறு பள்ளியில் என்னிடம் படித்தவர். ஆராதனைக்குப் பிந்திய சாப்பாட்டுக்கான சமையலறைப் பட்டியலையும் அவரே போடுவார். அதில் என் பெயர் ஒரு மாதமும் விடுபட்டதில்லை.

பிப்ரவரியில் கேட்டேன். "ஈஸ்டர் முடியட்டும் டீச்சர்," என்றார். ஜூனில், "சபை ஆண்டுவிழா வருது லா." அக்டோபரில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு ஒன்னும் இல்ல டீச்சர். பொம்பளைங்க பிரசங்கம் பண்றதுன்னா, சிவநேசன் அங்கிள் மாதிரி பெரியவங்க ஒரு மாதிரி ஃபீல் பண்றாங்க." போதகரிடம் முறையிட்டேன். பட்டியல் செயலரின் பொறுப்பு என்றார்.

டிசம்பரில் போதகர் வராத கடைசி ஞாயிறு வந்தது. பட்டியலில் சுபாங் ஜெயாவிலிருந்து வரும் செல்வகுமாரின் பெயர் இருந்தது. சமையலறைப் பட்டியலில் என் பெயர். நானும், என்னோடு சமையலறை முறை பார்க்கும் மலரும் மீகூன் என்ற அரிசி சேமியாவைப் பிரட்டிக்கொண்டிருந்தபோது, சுகுமாறன் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"டீச்சர், செல்வகுமார் பிரதர் வரமாட்டாராம். ரோட்டுல தண்ணி ஏறி, கார் நடுவுல நிக்குதாம். மூணாவது பாட்டு போய்க்கிட்டு இருக்கு. நீங்க ஒரு அரை மணி நேரம் பேசிடுங்க."

"ரோடு முங்குனாத்தான் நமக்கு மைக் கிடைக்கும் போல," என்றாள் மலர், கரண்டியை நிறுத்தாமல்.

"பிரசங்கமா?" என்று நான் கேட்டேன்.

"ஆமா லா, அதேதான். சீக்கிரம் வாங்க."

பிப்ரவரியில் எழுதிய பத்துப் பக்கங்கள் என் கைப்பையிலேயே இருந்தன. ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனேன். அதற்குள் சுகுமாறன் ஒலிவாங்கியை மூன்று படிகளுக்குக் கீழே, முதல் வரிசைக்கு முன்னால் தரையில் நிறுத்தியிருந்தார். "இப்ப நம்ம டீச்சர் சாட்சி சொல்லுவாங்க," என்று அறிவித்தார். சாட்சி என்பது சொந்த அனுபவத்தைச் சொல்வது; அதை யாரும் சொல்லலாம், அது பிரசங்கக் கணக்கில் சேராது.

பிரசங்கபீடம் மேலே காலியாக இருந்தது. ஆராதனையின் நடுவே வழக்காடினால் ஒழுங்கு குலையும் என்று எண்ணி, கீழேயே நின்று பேசினேன். அது என் தவறு.

ஆலயத்தில் கிடைத்த பழைய சுருளின் பொருளை அறிய, அரசனின் ஆட்கள் ஒரு பெண்ணிடம் போன வரலாற்றை எடுத்துக்கொண்டேன். அரசனின் ஆட்களில் எவரும் அவளைச் சாட்சி சொல்லக் கேட்கவில்லை. வேதத்துக்கு விளக்கம் கேட்டார்கள் என்றேன். இருபத்தெட்டு நிமிடம் ஒருவரும் கைப்பேசியைத் தொடவில்லை.

வாசலில் சிவநேசன் என் கையைப் பற்றினார். "நல்ல பிரசங்கம் டீச்சர். ஏன் இத்தன நாளா உங்கள போடல?"

"உங்களுக்குப் பிடிக்காதுன்னு சொன்னாங்களே அண்ணே."

"எனக்கா? யாரு என்னைக் கேட்டா?"

நேரே சிற்றறைக்குப் போனேன். பதிவேடு திறந்திருந்தது. அன்றைய தேதிக்கு எதிரே, சுகுமாறனின் கையெழுத்தில், "பிரசங்கம் இல்லை. சாட்சி மட்டும்," என்று இருந்தது. மை இன்னும் காயவில்லை.

"பிரசங்கமான்னு கேட்டேன். ஆமான்னு சொன்னே. இப்ப என்ன எழுதியிருக்கே? அடிச்சுட்டு சரியா எழுது."

"எழுதுனத அடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?" என்று சிரித்தார். "கீழ நின்னு பேசுனா சாட்சிதான். இங்க அதான் பழக்கம்."

"என்னைக் கீழ நிறுத்துனது யாரு?"

அவர் பேனாவை மேசையில் வைத்தார். நான் பேனாவை எடுத்து, அடுத்த வரியில் அதே தேதியையும் என் பெயரையும் வேதபகுதியையும் எழுதிக் கையெழுத்திட்டேன். பேனாவை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"கமிட்டி பாத்து முடிவு பண்ணட்டும்."

"கமிட்டி எப்போ?"

"ஜனவரியில."

"இந்த மாசத்தோட தவணை முடியுதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் டீச்சர். என்ன செய்யிறது? ரூல் ரூல்தானே." பதிவேட்டை மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

சமையலறையில் மலர் எனக்கென்று ஒரு தட்டை மூடி வைத்திருந்தாள். சுவரில் ஜனவரிப் பட்டியல் அதற்குள் ஒட்டப்பட்டிருந்தது. முதல் ஞாயிறு: பாத்திரம் கழுவுதல், டீச்சர். நான் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, என் பெயரின் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்திட்டேன்.

அதற்கு வேறு எவருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை.