சக்கரத்துக்குள் கண்ணாடி மணிகள்

"அக்கா போட்ட மணியெல்லாம் உள்ளயே கிடக்கு சார்," என்று மெக்கானிக் பழைய டியூபைத் தூக்கி ஆட்டிக் காட்டினான். சத்தம் வரவில்லை. அந்தச் சத்தத்துக்காகத்தான் அவர் வந்திருந்தார். மனைவி இறந்துபோனபின் மழைக்காலம் முழுக்க வண்டி மாடிப்படிக்குக் கீழேயே நின்றது. போன வாரம் நகர்த்திப் பார்த்தபோது பின்டயர் வெடிப்பு விட்டிருந்தது. சக்கரமும் ஊமையாகியிருந்தது.

அந்த இருசக்கர வண்டி அவளுடையது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கூடத்தில் சேர்க்கிற வேலை. அவருக்கு ஓட்டத் தெரியாது. விடுமுறை நாட்களில் பின்னால் உட்கார்ந்து பையைப் பிடித்துக்கொள்வார். 'பின்சீட்டு மகாராஜா' என்று தெருவில் அவருக்குப் பெயர்.

சக்கரம் அதிராமல் சுற்றுவதற்காக விளிம்பில் ஒட்டும் எடைகள் அவளிடம் நிலைத்ததில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல வண்டியைத் தேய்த்துக் கழுவுவாள்; எடை பிய்ந்து தண்ணீரோடு போய்விடும். கடைசியில், கடுகளவு கண்ணாடி மணிகளை வாங்கி வால்வு வழியாக டியூபுக்குள் கொட்டினாள். வேகமாக ஓடும்போது அவை தாமாகவே பரவி ஒட்டிக்கொண்டு சக்கரத்தைச் சமன் செய்யுமாம். மெல்ல உருட்டும்போது மட்டும் உள்ளே சரசரவென்று உதிரும்.

கீழ்வீட்டில் கைக்குழந்தை. அது தூங்குமே என்று தெருமுனையிலேயே இஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள். மாடியில் அவர் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். சரசரப்பு கேட்டதும் அடுப்பைப் பற்றவைப்பார். படியேறி வருகிறவள் கொதிக்கும் டீயைப் பார்த்து, "நான் வந்தா உங்களுக்கு மூக்குல வேர்த்துடுமே," என்பாள். அவர் சிரிப்பதோடு சரி.

"புது டியூபுக்கு எதுக்கு சார் இந்த வம்பு? ஒட்டுற வெயிட்டே போட்டுடுறேன்."

"அது அவளுக்குப் பிடிக்காது."

"ஓட்டப்போறது அக்காவா?" என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னான்: "சக்கரக் கம்பியில ஈயம் சுத்தலாம். கழுவினாலும் போகாது."

"சத்தம் வருமா?"

"ஈயம் எதுக்கு சார் சத்தம் போடப்போகுது? இல்லன்னா உள்ள ஊத்துற திரவம் இருக்கு. சத்தமே வராது."

"அப்ப வேண்டாம்."

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "அக்கா மாதிரியே. பிடிச்ச முயலுக்கு மூணே காலு."

டியூபை அறுத்தான். ஈரம் புகுந்து மணிகள் கட்டியாகியிருந்தன. வேறு வாங்கித் தருகிறேன் என்றான், அவர் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, தட்டில் பரப்பி, வெயில் நகர நகரத் தட்டையும் நகர்த்தினார். விரலில் ஒட்டியதைக்கூட ஊதித் தட்டிலேயே சேர்த்தார்.

மறுநாள் சாயங்காலம் மணிகள் புது டியூபுக்குள் போயின. மெக்கானிக் சக்கரத்தை வேகமாகச் சுழற்றினான். அவர் குனிந்து சக்கரத்தருகே காதைக் கொண்டுபோனார். "கேட்கலையேப்பா."

"வேகத்துல ஒட்டிக்கும் சார். மெல்லத் தள்ளிட்டுப் போங்க, தானா பேசும்."

தெருமுனை வரைக்கும் வண்டிகளின் இரைச்சல். தெருவுக்குள் திரும்பியதும் அந்தச் சரசரப்பு கேட்டது. இவ்வளவு கிட்டத்தில் அவர் அதைக் கேட்டதேயில்லை. அவளுக்கு இது தினமும் இப்படித்தான் கேட்டிருக்கும், காலடியிலேயே. அவரை அறியாமல் நடை வேகமானது. வீட்டுக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தார். சமையலறை ஜன்னல் இருட்டாக இருந்தது.

இந்தச் சத்தம் மாடியில் ஒருவர் இருந்து கேட்கவேண்டிய சத்தம்.

நின்றார். மணிகள் உருண்டு அடங்கின. வண்டியை ஓரடி பின்னுக்கு இழுத்து, மறுபடி முன்னுக்கு உருட்டினார். இன்னொரு தடவை. கீழ்வீட்டு ஜன்னலில் இப்போது எழுந்து நிற்கிற அளவுக்கு வளர்ந்துவிட்ட அந்தக் குழந்தை, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சக்கரம் அடுத்து எப்போது நகரும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.