தேரை பாய்ஞ்ச புள்ள

கிருமாம்பாக்கத்து வனஜாவின் கைக்குழந்தை நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனது. விலா எலும்பு தெரிந்தது, வயிறு மட்டும் உப்பியிருந்தது. வீறிட்டு அழக்கூடத் தெம்பில்லை. பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே பேச்சு: "தேரை பாய்ஞ்சிருக்குடி." தேரை மேலே குதித்தால் பிள்ளை இளைக்கும், தேரையைக் கொன்றால் தேறும் என்பது ஊர் நம்பிக்கை. நம்ம சனங்களுக்கு ஒரு வார்த்தை கிடைத்துவிட்டால் போதுமே, அதற்குமேல் எதற்கு யோசிக்கப் போகிறார்கள்!

ஐயனார் கோயில் காட்டில், சருகுக்கடியில் ஒரு சாதித் தேரை இருந்தது. கட்டைவிரல் அளவுதான், செம்மண் நிறம். நல்ல மழை விழுந்தால்தான் வெளியே வந்து கத்தும். அதைப் பார்க்கவே புதுச்சேரி காலேஜில் விலங்கியல் பாடம் நடத்தும் ருக்குமணியம்மா பஸ் ஏறி வருவாள். "சுத்துவட்டாரத்துல வேற எங்கியும் நான் பார்க்கல. இந்தக் காடு போச்சுன்னா இதுவும் போச்சு" என்று கண்டவரிடமெல்லாம் சொல்வாள். ஊர் சிரிக்கும்.

அந்தக் காட்டைத்தான் வனஜாவின் புருஷன் இருசப்பனும் பங்காளிகளும் தேரையை ஒழிக்கக் கொளுத்தக் கிளம்பினார்கள். சருகை மட்டும்தானாம், சாமி கோவிச்சுக்காதாம். சித்திரை வெயிலில் வைத்த தீ சருகோடு நிற்குமா? நல்ல கதை! அன்றைக்குக் காட்டிலிருந்த ருக்குமணியம்மா ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"யம்மா, உனக்குத் தேரை பெருசா, எம்புள்ள பெருசா?" என்றான் இருசப்பன்.

பாவம், அவள் கையை விரித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்த வனஜாவுக்கு மூத்தவன் நினைவு வந்தது. மூத்த பிள்ளையும் இப்படித்தான் இளைத்தான். அப்போதும் இதே ஆட்கள்தான் ஏரிக்கரைத் தோப்பில் ஒரு தேரை விடாமல் அடித்துக் கொன்றார்கள்.

"யோவ், நில்லுய்யா!" என்று கத்தினாள். "அன்னிக்குக் கூடை கூடையா கொன்னியே, எம்புள்ள பொழைச்சானா? சொல்லு, பொழைச்சானா?"

இருசப்பன் மண்ணெண்ணெய் டின்னைக் கீழே வைத்தான்.

"இவனைத் தூக்கு. பஸ்ஸுக்குப் போலாம்" என்றாள் வனஜா.

பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "பிரைமரி காம்ப்ளக்ஸ். குழந்தைங்களுக்கு வர்ற டி.பி.தான். விடாம மருந்து குடுங்க, தேறிடுவான்" என்றார் டாக்டர்.

இருசப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். அப்புறம் முகம் மாறிப்போய், "அப்ப மூத்தவன், சார்?" என்றான்.

டாக்டருக்குப் புரியவில்லை. வனஜாவுக்குப் புரிந்தது. "அவனுக்கும் இங்க மருந்து இருந்திருக்கும்யா. நாமதான் தேரையைத் தேடிக்கினு இருந்தோம்" என்றாள். இரண்டு பேரும் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார்கள்.

சின்னவன் தேறிவிட்டான். ஊர் மட்டும் திருந்தவில்லை. இன்றைக்கும் தேரை பாய்ஞ்சிடுச்சு என்று எவனாவது தீப்பெட்டியோடு கோயில் காட்டுக்குக் கிளம்பினால் இருசப்பன்தான் முதலில் குறுக்கே நிற்பான். சண்டை போடமாட்டான், புத்தி சொல்லமாட்டான். கையை நீட்டுவான்.

"புள்ளையக் குடுடா. பஸ்ஸு வரைக்கும் நான் தூக்கியாறேன்."