கொம்பையா இறங்கிய தொட்டி

பிச்சையாவின் கையை ஒடித்தவன் நான்தான். போலீஸில் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். வருத்தமா என்றால் இல்லை. திரும்ப அந்த நாள் வந்தாலும் ஒடிப்பேன்.

2003. பெட்ரோலில் எத்தனால் கலக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும், வடக்குப்பட்டுக்குப் பின்னால் ஒருவர் சின்னதாகக் கம்பெனி போட்டார். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகு டேங்கரில் வரும். தண்ணீரும் ஈஸ்ட்டும் கலந்து தொட்டியில் விட்டால் இரண்டு நாள் பொங்கிச் சாராயமாகும். அதைக் காய்ச்சி வடிப்பது வேறு ஷெட். தொட்டி காலியானதும் அடியில் சேறு தங்கும். அதை வாருவதற்கு சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள் மூன்று பேர் இருந்தோம்: நான், கொம்பையா, அவன் தம்பி பிச்சையா.

ஊரில் நாங்கள் கிணறு தூர்வாரியவர்கள். பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். அணைந்தால் யாரும் இறங்க மாட்டோம். ஈஸ்ட் பொங்கும்போது கிளம்பி அடியில் தங்குகிற வாயுவும் ஆளைக் கொல்லும். அதனால் தொட்டியை ஒரு நாள் திறந்துபோட்டு, ஏர் ஹோஸால் உள்ளே காற்று அடித்த பிறகுதான் இறங்குவது வழக்கம். அன்று அடுத்த டேங்கர் கேட்டில் நின்றது. சூப்பர்வைசர் ரகுபதிக்குப் பொறுக்கவில்லை.

"சார், ஒரு மெழுகுவத்தி குடுங்க. எறக்கிப் பாத்துட்டுப் போயிருதேன்" என்றான் கொம்பையா.

"சாராயம் கீற எடத்துல நெருப்பு கேக்குறியா? ஷெட்டே பூடும்பா. பத்து நிமிசத்துல வாரிக்கினு ஏறு."

அவர் சொன்னதும் தப்பில்லை, அதுதான் எனக்கு இன்றும் எரிச்சல். கேட்டிலேயே தீப்பெட்டியைப் பிடுங்கிவிடுவார்கள். கொம்பையா தலையை நீட்டி மோந்து பார்த்தான். புளித்த வாடைதான் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவன் இறங்கினான்.

ஏணியின் கடைசிப் படியில் முழங்கால் மடிந்தது. ஒரு சத்தம்கூடப் போடாமல் சேற்றில் சரிந்தான்.

பிச்சையா செருப்பை உதறிவிட்டுத் தொட்டி வாய்க்குள் காலை விட்டான். முடியைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க நம்பி அண்ணாச்சி. எங்கண்ணன்."

"நீ போனா நீயும் வரமாட்டல."

மணிக்கட்டைக் கடித்தான். சதை அவன் வாயோடு போனது. மூடியைக் கழற்றிய ஸ்பேனர் காலடியில் கிடந்தது. ஏணியைப் பற்றியிருந்த கையில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. அப்படியும் இன்னொரு கையால் பற்றினான். இழுத்துத் தள்ளி, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, வாயில் குத்தினேன். பல் ஒன்று தெறித்தது. "எங்கண்ணனக் கொல்லுதியேல" என்று ரத்தத்தோடு அலறினான். ரகுபதி மரம் மாதிரி நின்றார். உட்கார்ந்தபடியே அவர் காலில் எட்டி ஓர் உதை விட்டு, "ஏர் ஹோஸ எடுத்துட்டு வாரும்யா" என்றேன். அப்புறம்தான் ஓடினார்.

காற்றை அடித்து, கொக்கி போட்டுத் தூக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. கொம்பையாவின் உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை.

பதினோரு நாள் கழித்து பிச்சையா என் ரூமுக்கு வந்தான். கதவைத் திறந்ததும் மாவுக்கட்டுக் கையாலேயே முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்தது. கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தான். நான் கையைத் தூக்கவில்லை.

மூச்சு வாங்க நின்றான்.

"எம்மேல உக்காந்துக்கிட்டு நீ உள்ள எட்டிப் பாத்தேல்ல. எங்கண்ணன் அசைஞ்சானா?"

இல்லை என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தான். கொடுத்திருக்கலாம். செத்தவனை வைத்துப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கை அசைஞ்சுது" என்றேன். "ரெண்டு தடவ."

பிச்சையா என்னையே பார்த்தான். வாசலில் பக்கத்து ரூம் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் உள்ளே வந்து அவனைப் பிடித்துவிடக் கூடாது என்று நான் எழுந்து கதவைத் தாழ்போட்டேன்.