கால்வரை சிவப்பு

"அண்ணி, முதல்ல உக்காருங்க. அப்புறம் கோவப்படுங்க" என்றாள் வண்ணமீன் கடைக் கல்லாவில் இருந்த நாத்தனார்.

"ஏன், என்ன ஆச்சு?"

"நேத்து வீட்டுலேர்ந்து அனுப்பினீங்களே சிவப்பு இறால், அதைப் பாத்துட்டு அண்ணன் வெறும் செர்ரின்னு சொல்லிட்டான்."

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்து கோபப்படுகிற அளவுக்கு அது சின்ன விஷயமும் இல்லை.

அழகுக்குத் தொட்டியில் வளர்க்கும் அந்தச் சிவப்பு இறாலுக்கு நாலு தரம் உண்டு. அடியில் இருப்பது செர்ரி. கண்ணாடி மாதிரி உடம்பில் அங்கங்கே சிவப்பு தெறித்திருக்கும், அவ்வளவுதான். அதற்கு மேலே சகுரா. சிவப்பு கூடுதல், ஆனாலும் பக்கவாட்டில் குடல் தெரியும். அடுத்தது ஃபயர் ரெட். உடம்பு முழுக்கச் சிவப்பு, கால் மட்டும் வெளிறியிருக்கும். எல்லாவற்றுக்கும் உச்சியில் பெயின்டட்: பெயின்ட் டப்பாவில் முக்கி எடுத்ததுபோல வெளிச்சம் புகாத சிவப்பு, கால்வரைக்கும். கடைசியில் தீர்ப்புச் சொல்வது அந்தக் கால்தான். வீட்டுப் பின்னறையில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, ஒவ்வொரு ஈற்றுக் குஞ்சுகளிலும் கால் வெளுத்ததை ஒதுக்கி ஒதுக்கி அவள் வளர்த்துக் கொண்டுவந்தது பெயின்டட். அதைப் போய் செர்ரி என்பதா?

"இப்ப எங்க இருக்கு?"

நாத்தனார் வாசல் பக்கம் கண்ணைத் திருப்பினாள். வாசலோரம் இருந்தது கலவைத் தொட்டி. கறுப்பு மணல், அடர்ந்த பாசி, அதற்குள் மஞ்சள், நீலம், வெளிறிய சிவப்பு என்று கழித்துக்கட்டிய இறால்கள் எல்லாம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தும் இடம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையைக் காட்டி வாங்கிப்போவது அதிலிருந்துதான்.

வேறு வேறு நிறங்கள் சேர்ந்தால் பிறக்கும் குஞ்சுகள் குட்டையில் கிடக்கும் சாதாரண இறால் மாதிரி பழுப்பாகிவிடும். தரம் குறைந்தால் ஏற்றலாம். கலந்த கால்வழியை எப்படிப் பிரிப்பது?

பின்கட்டிலிருந்து கணவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் தங்கையை முறைத்தான்.

"காதுல ஊதிட்டியா?"

"அவளை ஏன் கேக்கறீங்க? என்னைக் கேளுங்க. எதுல வச்சுப் பாத்தீங்க என் இறாலை?"

"தட்டுலதான். வெள்ளைத் தட்டுல ஊத்தினேன். வெளுத்துப்போய்க் கிடந்துது. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"வந்த உடனேவா?"

"உடனேதான். வேலை கிடக்கே."

"பையைக் காலுக்கு நடுவுல வச்சு, உங்க ஸ்கூட்டர்ல குண்டும் குழியுமா குலுக்கிக் கொண்டுவந்து, வெள்ளைத் தட்டுல கொட்டினா வெளுக்காம என்ன செய்யும்? நீங்களே அந்த வண்டியில பின்னாடி உக்காந்து வந்தா வெளுத்துடுவீங்க."

நாத்தனார் சிரிப்பை அடக்க பில் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தாள்.

அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். கல்லாவுக்குப் பின்னால், நல்ல இடத்தில், ஒரு தொட்டியின்மேல் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. புதுத் தண்ணீர் பழகட்டும் என்று மெல்லிய குழாயில் அது சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அது யாரோடது?"

"சோடாபுட்டியோடது" என்றான். தடிமனான கண்ணாடி போட்ட அந்த ஆளும் இறால் வளர்த்துக் கொடுப்பவர்தான். "அதுவும் நேத்துதான் வந்துது. அலைச்சல்ல நிறம் இறங்கியிருக்கும். கறுப்பு மணல்ல ஒரு நாள் ஓய்வா இருந்தாதான் கிரேடு சரியாத் தெரியும். அதுக்குள்ள பாத்தா தப்பாயிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது.

"போர்வை வேறயா!" அவள் குரல் உயர்ந்தது. "அவர் இறால் மாப்பிள்ளை. என் இறால் மட்டும் பத்துப் பாத்திரம் தேய்க்க வந்துதா?"

"அப்படி இல்லம்மா. அவரு வெளி ஆளு, கிரேடைக் குறைச்சுப் போட்டா சண்டைக்கு வருவாரு. நீ நம்ம வீட்டு ஆளு. புரிஞ்சுப்பேன்னு..."

"புரியுது. நல்லாவே புரியுது. வீட்டு ஆளுன்னா எப்படி வேணாலும் பாக்கலாம். சாப்பாடு ஆறிப்போனா வீட்டு ஆளு, சொன்ன நேரத்துக்கு வரலைன்னா வீட்டு ஆளு. இப்ப இறாலுக்கும் அதே கணக்கு!"

அவன் வாய் திறக்கும் முன்னே வாசலில் நின்ற ஒருவர் கலவைத் தொட்டிக்கு முன் குனிந்தார். அடிக்கடி வந்து போகும் டிராயிங் மாஸ்டர்.

"ஏங்க, இந்த ரத்தச் சிவப்பு என்ன கிரேடு? இது ஏன் குப்பையோட கிடக்குது? காலுகூடச் சிவப்பா இருக்கே!"

மூவரும் தொட்டியைச் சூழ்ந்தார்கள். இரவு முழுக்கக் கறுப்பு மணலில் நடமாடிய அவளுடைய இறால்கள் இழந்த நிறத்தைத் திரும்பப் பிடித்திருந்தன. பாசிக்கு நடுவே குங்குமத்தைக் கட்டியாக உருட்டிவிட்டதுபோல ஊர்ந்துகொண்டிருந்தன.

"பெயின்டட் சார்" என்றான் கணவன் சட்டென்று, வலையை எடுத்தபடியே. "ஒண்ணாம் நம்பர் சரக்கு. நம்ம வீட்டுல வளர்த்தது."

நம்ம வீட்டில்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாஸ்டர், அழகுக்கா, குஞ்சு பொரிக்கவா?" என்று கேட்டாள்.

"குஞ்சு பொரிக்கத்தாம்மா. தனித்தொட்டி ரெடியா இருக்கு."

"அப்படின்னா இதை வாங்காதீங்க. ராத்திரி முழுக்க மஞ்சளோடயும் நீலத்தோடயும் இருந்திருக்கு."

மாஸ்டர் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

"வந்த ஆளைத் திருப்பி அனுப்பிட்டியே!"

"அனுப்பினது நானா? இதைப் பாருங்க." மணல்மேல் கண்ணாடித் தாள்போல ஓர் இறாலின் உரித்த தோல் கிடந்தது. பெண் இறால் தோல் உரித்ததும்தான் ஆணோடு சேரும். அவள் தொட்டியின் பக்கவாட்டில் முகத்தை ஒட்டவைத்துத் தேடினாள். பாசியின் அடியில் ஒன்று வயிற்றுக்குக் கீழே முட்டைகளை அணைத்துக்கொண்டு காலால் விசிறிக்கொண்டிருந்தது. காலும் சிவப்பு, கொம்பும் சிவப்பு. இருப்பதிலேயே அழகி அதுதான்.

"முட்டையோட இருக்கறதை நான் அனுப்பவே மாட்டேன், குலுக்கல்ல உதிர்ந்துடும். இது நேத்து ராத்திரி நடந்தது. அப்பன் யாருன்னு சொல்லுங்க பாப்போம்."

அவன் முழங்கைவரை சட்டையைச் சுருட்டினான்.

"எல்லாத்தையும் எடுத்துடறேன்."

"எது என்னோடதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"சிவப்பா இருக்கறது."

"அதுல ஏற்கெனவே உங்க பழைய சிவப்பும் கிடக்கு."

அவள் நாத்தனாரின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தாள். அவன் வலையில் அள்ளி ஒவ்வொன்றாகக் கறுப்புக் கிண்ணத்தில் விட்டுக் காட்டினான். முதலில் எடுத்ததை, "இது உன்னோடது" என்று நீட்டினான்.

"காலைப் பாருங்க."

குனிந்து பார்த்தான். "வெள்ளை."

"திருப்பி விடுங்க."

அடுத்ததை எடுத்தான். இந்த முறை அவளிடம் காட்டுவதற்கு முன்னால் அவனே மூக்கு நனையக் குனிந்து காலைத் தேடினான். நாத்தனார் அவள் தொடையில் கிள்ளினாள். சிரிக்க வேண்டும் என்பது அதன் அர்த்தம். அவள் சிரிக்கவில்லை.

மத்தியானம் தாண்டித்தான் முடிந்தது. பழைய இறால் ஒன்றும் கலக்காமல் அவளுடையவை அத்தனையும் தனித் தொட்டிக்குப் போயின. அந்த அழகி மட்டும் கிண்ணத்தில் மிச்சம்.

"இதை எங்க விடட்டும்?" குரல் இறங்கியிருந்தது.

"அது உங்களோடது. குஞ்சு வந்ததும் பழுப்பா, சிவப்பான்னு நீங்களே பாத்து, நீங்களே வளர்த்துப் பாருங்க. என் பின்னறைக்கு வேண்டாம்."

"எனக்கு வளர்க்கத் தெரியாதே."

"கத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டினாள். அவன் வண்டிச் சாவியை எடுத்தான்.

"வேண்டாம், நான் நடந்தே போறேன்."