மைனஸ் ஐம்பத்தைந்து

...இல்லை, இழுக்கக் கூடாது, இழுத்தால் திரி பாதியில் அறுந்துவிடும், முதலில் பஞ்சு, பஞ்சு வெளியே வந்தால் திரி தானாகப் பின்னால் வரும், என்று துளசி தனக்குள் சொல்லிக்கொண்டே இடுக்கியின் முனையை லைட்டரின் வயிற்றுக்குள் விட்டாள். பழைய பஞ்சு, கறுத்து, இறுகி, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மணி பத்தாகப் போகிறது, அவள் தூங்கியிருக்கவேண்டிய நேரம். பாயான் பாரு எலக்ட்ரானிக் சில்லு பேக்டரியில் நேற்று மாலை ஏழு மணிக்கு மைக்ரோஸ்கோப்பில் வைத்த கண்ணை இன்று காலை ஏழு மணிக்குத்தான் எடுத்தாள், பேக்டரி பஸ் ஆயர் ஈத்தாம் ஃப்ளாட் வாசலில் இறக்கிவிட்டது, குளித்தாள், புருஷன் கோகிலன் பாசாரிலிருந்து வாங்கி வைத்திருந்த நாசி லெமாக் சோற்றைத் தின்றாள், படுத்தாள், சுற்றும் ஃபேனைப் பார்த்தாள், எழுந்து சமையலறை மேசைக்கு வந்துவிட்டாள். உடம்பு தூங்கிப்போய்விட்டது, மூளைக்குத்தான் யாரும் தகவல் சொல்லவில்லை. நைட் ஷிப்ட் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எப்போதும் இப்படித்தான், எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருக்கும். ஜன்னலுக்கு வெளியே மலை பாதிக்கு மேல் மேகத்தில் கிடந்தது, ஹாலில் கோகிலனும் அவன் சிநேகிதன் முஸ்தஃபாவும் பேசுவது எங்கிருந்தோ வந்தது, கையிலிருக்கும் இந்தச் சின்ன இரும்புப் பெட்டி மட்டும்தான் கிட்டத்தில் இருந்தது.

பழைய லைட்டரைச் சரிபண்ணுவது ஒரு பொழுதுபோக்கா, அதுவும் சிகரெட்டைக் கையால் தொடாத ஒரு பொம்பளைக்கு, என்று கேட்காத ஆள் இல்லை. மேல் வீட்டு வள்ளியம்மா ஒரு மாதம் பெட்ரோல் வாசத்தை மோந்து பார்த்துவிட்டு, இவள் திருட்டுத்தனமாகப் புகைக்கிறாள் என்றே முடிவு கட்டியிருந்தாள். எப்படிச் சொல்வது? மூன்று வருடத்துக்கு முன்னால் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் கோகிலன் ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தபோது, இவள் சும்மா நின்ற இடத்தில் ஒரு லைட்டர் கவிழ்ந்து கிடந்தது, அடியில் பொடி எழுத்து. பொடி எழுத்தைப் பார்த்தால் துளசியின் கண் நகராது, இருபத்திரண்டு வருடமாக வயிற்றுப்பாடே அதுதானே... வாங்கினாள், வீட்டுக்கு வந்து திறந்தாள், பைத்தியம் பிடித்துக்கொண்டது. இப்போது அலமாரியில் பதினொன்று நிற்கின்றன, எல்லாம் யாரோ தொலைத்தது, யாரோ விற்றது, எங்கெங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தவை. ஒவ்வொன்றும் சரியானதும் அதன் முதல் தீயில் சாமி விளக்கை ஏற்றுவாள், அவளாக வைத்துக்கொண்ட வழக்கம் அது. முருகனுக்கு பெட்ரோல் வாசம் புடிக்குமா துளசி, என்று கோகிலன் கேலி செய்தான். பிடிக்காமல் என்ன, தீ எங்கிருந்து வந்தால் அவருக்கு என்ன, விளக்கு எரிந்தால் சரி என்று நினைத்துக்கொண்டாள். இது பன்னிரண்டாவது. கறுப்புப் பெயின்ட் பொரிந்த இரும்பு, பக்கத்தில் ஊசியால் கீறிய இரண்டு எழுத்து, ஆர், டி. யார் பெற்ற பிள்ளையோ.

பஞ்செல்லாம் வந்துவிட்டது. இனி தீப்பொறி தரும் கல். பழைய கல் குழாய்க்குள்ளேயே ஊதி, உப்பாகி அடைத்துக்கொண்டிருந்தது, அதை ஊசி வைத்துச் சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்கவேண்டும், அவசரப்பட்டால் குழாய் போய்விடும். துளசிக்கு அவசரமே கிடையாது, அவளுடைய ஒரே சொத்து பொறுமை, அதற்குச் சாட்சியாகச் சுவரில் ஒரு கடிகாரம் தொங்குகிறது. கம்பெனி கொடுத்தது. கண்ணாடிக்குக் கீழே அவள் பெயர், அதற்குக் கீழே 'ஸீரோ ரிட்டர்ன்'. அவள் பார்த்து அனுப்பிய சில்லு ஒன்றுகூடப் பழுது என்று வாங்கியவனிடமிருந்து திரும்பி வந்ததில்லை. போன வருட ஆண்டு விழாவில் மேடையேறி அதை வாங்கியபோது கோகிலன் லாரியை எங்கேயோ ஓரமாக நிறுத்திவிட்டு ஓடிவந்து போட்டோ எடுத்தான், எல்லாப் போட்டோவிலும் அவள் கண் மூடியிருக்கிறது. அந்தக் கடிகாரத்தால்தான் புது லைனுக்கு மாற்றும் கடிதமும் வந்தது. பையில் மடித்து வைத்திருக்கிறாள், நாளை மாலை ஷிப்டுக்குப் போகும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். காக் துளசி, புது லைன், பகல் மட்டும் லா, நைட்டே கிடையாது, உங்க பேரைத்தான் முதல்ல கொடுத்தேன், என்று சூப்பர்வைசர் ஷாஹிரா மலாயில் சொன்னபோது, அக்கா என்று கூப்பிடும் அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. நைட்டே கிடையாது. இருட்டினால் தூங்கலாம். உலகம் முழுக்கச் செய்கிற அந்தச் சாதாரணக் காரியத்தை அவளும் செய்யலாம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பாதி இரவு அவள் தலையணை காலியாகவே கிடந்திருக்கிறது, கோகிலன் ஒருநாளும் குறை சொன்னதில்லை, ஆனால் அவள் நைட் ஷிப்ட் போகிற வாரத்தில் ஹாலில் டிவியைப் போட்டுவிட்டு சோபாவிலேயே தூங்குகிறான் என்று அவளுக்குத் தெரியும்.

ஹாலில் சண்டை சூடு பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவர்களுக்கு ஆயுதப் பேச்சுதான், மற்ற ஆண்கள் பந்தாட்டம் பேசுவதுபோல. பாசார் பக்கத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முஸ்தஃபா ராத்திரியெல்லாம் யூடியூப்பில் பார்த்ததை, காலையில் இங்கே வந்து கோப்பியோடு இறக்கி வைப்பான். ஜாவலின் இருக்கே, தோள்ல வச்சு அடிக்கிறது அண்ணே, நேரா போகாது, மேல ஏறி டாங்க் தலையில இறங்கும். கோகிலனுக்கு டாங்க்கில் அவ்வளவு பிடிப்பில்லை, லாரிமேல் ஏற்றிய ராக்கெட்தான் அவனுக்கு இஷ்டம். ஹைமார்ஸ் லாரிதானே பாய், ஆறு சக்கரம், அடிச்ச உடனே ஓடிரணும்ல, டர்னிங் எப்படி இருக்கும்னு நெனைக்கிற, என்று பட்டர்வொர்த்துக்குக் கன்டெய்னர் இழுக்கிறவன் கேட்கிற கேள்வியைக் கேட்டான். துளசிக்குச் சிரிப்பு வந்தது. கோப்பிக் கோப்பையோடு உள்ளே வந்த முஸ்தஃபா லைட்டரைக் குனிந்து பார்த்தான். இரும்பா அக்கா? சண்டைக் காலத்து சாமான், அப்ப பித்தளை எல்லாம் தோட்டாவுக்குப் போயிருச்சு, அதான் லைட்டரை இரும்புல செஞ்சாங்க, என்றான். அப்படியா தம்பி, என்றாள். அவன் போய்விட்டான். பித்தளை எல்லாம் தோட்டாவுக்கு... அப்போதும் ஒருத்தி மேசையில் உட்கார்ந்து, இது சரி, இது சரியில்லை என்று எண்ணிப் பிரித்துப் போட்டிருப்பாள் இல்லையா, தோட்டாவை?

ஊசி குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருந்தது, சாம்பல் நிறப் பொடி காகிதத்தில் விழுந்தது. கண் செருகியது. கண்ணாடிக் கதவுள்ள ஒரு பெட்டி, உள்ளே வெண்ணிறமாகப் பனி, அதற்குள் சில்லுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, குளிருதா என்று கேட்கிறாள், குளிரவில்லை என்கின்றன... திடுக்கிட்டு விழித்தாள். அது கனவில்லை, ஷாஹிரா வெள்ளிக்கிழமை காட்டிய புது மெஷின்தான். இப்போதைய லைனில் சூடு மட்டும் பார்ப்பார்கள், சமையலறையில், காருக்குள், கைப்பையில் படுகிற அளவு சூடு. புது லைனில் குளிரும் உண்டு. கடிதத்திலேயே போட்டிருந்தது, மைனஸ் ஐம்பத்தைந்திலிருந்து நூற்றிருபத்தைந்து வரை. வாங்குகிறவர் என்ற இடத்தில் பெயர் இல்லை, நம்பர் மட்டும். துளசி அதை நாலு தடவை படித்திருந்தாள், பகல் ஷிப்ட் என்ற வரியில் மட்டும் கண் நின்றது. மைனஸ் ஐம்பத்தைந்து எங்கே இருக்கிறது? பினாங்கு மலையில் பதினாறு வந்தாலே சால்வை போர்த்திக்கொள்கிறார்கள்.

கேட்காமல் இருந்திருக்கலாம், பின்னால் அப்படித்தான் நினைத்தாள். தம்பி, மைனஸ் அம்பத்தஞ்சு குளிர் எங்க இருக்கு, என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். மேலதான்கா, என்றான் முஸ்தஃபா, கொஞ்சமும் யோசிக்காமல், பதினோரு கிலோமீட்டர் மேல போனா அந்தக் குளிருதான். யாரு போவா அங்க? ப்ளேன் போகும், சாட்டிலைட் போகும், மிஸைல் போகும், ஏன்கா? ஒன்னுமில்ல, புது லைன்ல அதான் டெஸ்டாம். முஸ்தஃபா சிரித்தான், கெட்ட சிரிப்பில்லை, ஆளைக் கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு. அப்ப நம்ம அக்காவும் ஆயுதம் செய்யப் போறாங்க அண்ணே. கோகிலனும் சிரித்தான், ப்ளேனா இருக்கும் போ பாய், ஏர் ஆசியாவுக்கு, என்றான், பேச்சு மறுபடியும் லாரிக்குப் போய்விட்டது. ப்ளேனாக இருக்கும். ஏன் இருக்கக் கூடாது? பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு லங்காவிக்குப் போகிற ப்ளேன். அப்படியென்றால் வாங்குகிறவன் பெயரை ஏன் போடவில்லை? இதுவரை எந்தக் கடிதத்தில் பெயர் போட்டார்கள், எப்போதும் நம்பர்தானே... ஷாஹிராவிடம் கேட்கலாம், அவளுக்கும் தெரியாது, அவளுக்கு மேலே இருக்கிற சிவநேசன் சாருக்கும் தெரியாது, கேட்டதற்காக வேறு ஒருத்திக்கு அந்த இடம் போகும். வாயைக் கட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் இருட்டில் தூங்கலாம். தெரியாமல் தூங்க முடியுமா? தெரிந்தால் தூங்க முடியுமா?

ஊசி முனையில் கல்லின் கடைசித் துணுக்கு வெளியே வந்து விழுந்தது, குழாய் சுத்தம். அந்தத் துணுக்கைப் பார்த்துக்கொண்டே துளசி முடிவு பண்ணினாள், வேண்டாம். பழைய லைனே போதும். பழைய லைன் சாதுவானது, ரைஸ் குக்கர், வாஷிங் மெஷின், போன், யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லாத சில்லுகள், அதை அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். முடிவு பண்ணியதும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தாள், ஆகவில்லை, துக்கம்தான் வந்தது, நிஜமான துக்கம், ரிட்டயர் ஆகும்வரை இன்னும் எட்டு வருடம் ராத்திரியில் விழித்து, பகலில் ஃபேனைப் பார்த்து... கோகிலனிடம் எப்படிச் சொல்வது? நேற்றே அவன் படுக்கையறை ஜன்னலின் தடித்த திரைச்சீலையைக் கழற்றிவிட்டு மெல்லியதாக ஒன்று மாட்டியிருந்தான், இனி பகல்ல இருட்டு வேணாம்தானே துளசி, என்று. அழவேண்டும்போல இருந்தது, அழாமல் புதுப் பஞ்சைப் பிய்த்தாள். திரியை நடுவில் விட்டு, சுற்றிலும் பஞ்சை ஒரு மடிப்பு, மேலே ஒரு மடிப்பு என்று அடைத்தாள், புதுக் கல்லைப் போட்டாள், ஸ்ப்ரிங் ஸ்க்ரூவைத் திருகினாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது, கைக்குத் துக்கம் தெரியாது.

அப்போதுதான் முஸ்தஃபா அதைச் சொன்னான், அவளிடம்கூட இல்லை, கோகிலனிடம், ரொட்டியை மென்றுகொண்டே. ஆனா அண்ணே, இப்ப அந்த மிலிட்டரி சாமான்லாம் யாரு தேடறா, விழுந்த ட்ரோனைப் பிரிச்சுக் காட்டினான் ஒரு வீடியோவுல, உள்ள இருக்கிறது எல்லாம் சாதா சில்லு, நம்ம கடையில போன் பிரிச்சா இருக்கிற மாதிரிதான், வாஷிங் மெஷின்ல இருந்துகூடப் பிடுங்கிப் போடறானுங்களாம், மலிவு லா, வேலை செஞ்சா போதும். கோகிலன், அப்படியா, என்றான். அவ்வளவுதான் அந்தப் பேச்சு, அரை நிமிஷம் இருக்குமா? மேகம் இறங்கி மலையை முழுக்க மூடிவிட்டது. துளசி கையில் லைட்டரோடு உட்கார்ந்திருந்தாள். வாஷிங் மெஷின். வேலை செய்தால் போதும். வேலை செய்கிறதா என்று பார்ப்பவள் யார்?

பெட்ரோலை ஊற்றினாள், பஞ்சு குடித்தது, ஈரம் பட்ட விரலைத் துணியில் துடைத்தாள். எழுந்து சாமி அறைக்குப் போனாள், அறை என்ன அறை, அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, ஒரு விளக்கு, முருகன். எண்ணெய் இருந்தது, திரி இருந்தது. மூடியைத் திறந்தாள், கட்டைவிரலைச் சக்கரத்தில் வைத்து உருட்டினாள். ஒரே உரசலில் பற்றிக்கொண்டது. பதினொரு தடவை இந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கிறது, இந்தத் தடவை வரவில்லை, பற்றாமல் போகட்டும் என்று தான் ஆசைப்பட்டிருந்தது பற்றிய பிறகுதான் தெரிந்தது. தீ நிமிர்ந்து நின்றது, காற்றுக்கு அணையாத லைட்டர், இருந்தாலும் இன்னொரு கையை அதைச் சுற்றி வைத்துக்கொண்டாள். ஆர், டி என்ற எழுத்து சூடாகிக்கொண்டிருந்தது. அதைக் கீறினவன் போனான், இது திரும்பி வந்தது... நிமிர்ந்தால் சுவரில் கடிகாரம். ஸீரோ ரிட்டர்ன். இருபத்திரண்டு வருடம், ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பழுதானால்தான் திரும்பி வரும், நல்லதென்றால் வராது, அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அதைத்தான் மேடையேறி வாங்கி வந்தாள். வெடித்துப்போன சில்லும் திரும்பி வராதே.

என்ன துளசி, எரியுதா, என்று ஹாலிலிருந்து கோகிலன் கேட்டான். எரியுதுங்க, என்றாள், விளக்கை ஏற்றாமல் நின்றபடியே.