ம என்றால் மணலி

கார்குழலிக்கு அந்துப்பூச்சிகள் மேல் ஆசை எதுவும் இருந்ததில்லை. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து எம்.எஸ்சி. முடித்தவளுக்குக் கிடைத்த வேலை அது: பேராசிரியர் வேலப்பனின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். இரண்டு வருஷம் விடியற்காலையில் மணலி புதுநகருக்கும் செங்குன்றத்துக்கும் பஸ் ஏறிப்போய், தெருவிளக்கடியில் விழுந்துகிடந்த பூச்சிகளைப் பொறுக்கி வந்தாள்.

வௌவால் நம் காதுக்கு எட்டாத குரல் கொடுக்கும். அது பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்துத்தான் இரையைப் பிடிக்கும். சில அந்துப்பூச்சிகளுக்குக் காதே கிடையாது. வௌவால் வருவது தெரியாது. ஆனால் அவற்றின் சிறகில் அடுக்கடுக்காக இருக்கும் நுண்செதில்கள் அந்தக் குரலில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். எதிரொலி மங்கிப்போகும், பூச்சி தப்பிக்கும். கார்குழலி இதை அளந்தாள். ஒரு சிறகை அப்படியே வைத்து அளப்பாள். பிறகு தூரிகையால் செதில்களைத் துடைத்துவிட்டு அளப்பாள். கணினியில் செதில் உள்ளதற்கு 'செ', மழித்ததற்கு 'ம' என்று குறித்தாள்.

எல்லாம் முடிந்த வாரம் வேலப்பன் பென்டிரைவை வாங்கிக்கொண்டார். ஆய்வுக்கூட நோட்டை அவளிடம் கேட்கக்கூட இல்லை.

"ப்ராஜெக்ட் முடிஞ்சுதும்மா. நாளைலேர்ந்து வர வேணாம்."

"கட்டுரைல என் பேரு சார்?"

"பூச்சி பொறுக்கினவங்க பேரெல்லாம் போட்டா பக்கம் பத்தாது."

பக்கத்திலிருந்த அவர் மருமகன் சிரித்தான்.

நாலு மாதத்தில் அந்த இரண்டு பேர் பெயரில் கட்டுரை வந்தது. கார்குழலி போனிலேயே படித்தாள். 'செ' என்பதைச் செங்குன்றம் என்றும் 'ம' என்பதை மணலி என்றும் எடுத்திருந்தார்கள். மணலித் தொழிற்சாலைப் புகை பூச்சிகளின் செதிலைத் தின்றுவிட்டது, அதனால் அவை வௌவாலிடம் சுலபமாகச் சிக்குகின்றன என்று முடிவு கட்டியிருந்தார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

அவளும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேப்பரில் வேலப்பன் படம் வந்தது, டிவியில் பேசினார். ஒவ்வொரு பேட்டியையும் சேமித்து வைத்தாள். ஏறட்டும், இன்னும் நன்றாக ஏறட்டும் என்றிருந்தாள்.

எட்டாவது மாதம் அவருக்குப் பாராட்டுக் கருத்தரங்கு. பகல் பதினோரு மணி, அரங்கு நிறைந்திருந்தது. கேள்வி நேரத்தில் கார்குழலி பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"'ம'ன்னா இன்னா சார்?" வேண்டுமென்றே வீட்டுப் பேச்சிலேயே கேட்டாள்.

"மணலி."

"மழிச்சது சார். செதில வழிச்சு எடுத்த சிறகு. அதுல எதிரொலி ஜாஸ்தியாத்தான் வரும்." ஆய்வுக்கூட நோட்டை மேடைக்குக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தாள். "பக்கத்துக்குப் பக்கம் நீங்கதான் கையெழுத்துப் போட்டுகீறீங்க. படிச்சுப் பாக்கலியா?"

வேலப்பன் புரட்டினார். தன் கையெழுத்தைப் பார்த்ததும் நோட்டை மூடினார். மருமகன் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான். கார்குழலி கண் கொட்டாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் அதுவரை அறிந்ததில்லை.

அடுத்த மாதம் ஆய்விதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. வேலப்பனின் பதவியும் போனது.

அந்த வாரமே பீம்ராவ் போன் செய்தார். மணலி புதுநகர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அவள் பூச்சி பொறுக்கப்போன காலைகளில் டீ வாங்கிக் கொடுத்தவர்.

"குழலி, அந்தக் கட்டுரைய வெச்சித்தான் புகைக்கு எதிரா கேஸ் போட்டுகீறோம். இப்ப கம்பெனி வக்கீல் எங்களப் பாத்து சிரிக்கிறான். உனக்கு மின்னாடியே தெரியுமா?"

"தெரியும்ண்ணே."

"எங்ககிட்டயாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவர்களை அவள் நினைத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சங்கத்தார் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டாள். புகை செதிலைக் கெடுக்கிறதா இல்லையா என்று தனக்கு இன்னும் தெரியாது, ஒழுங்காக அளந்து சொல்கிறேன் என்றாள். பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தாள். மறுபடி வாய்ப்பு வந்தால் வேலப்பனுக்கு அதையேதான் செய்வாள். மணலிக்காரர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவாள்.